எழுதிப் பாருங்க: பேனாக் கடை கவுண்டரிலிருந்து

புதுப் பேனா ஒன்றைக் கையில் கொடுத்து, "எழுதிப் பாருங்க" என்று சொன்னால் நீங்கள் முதலில் என்ன எழுதுவீர்கள்? நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். ஒரு பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து. பிள்ளை பெற்றவர் என்றால் பிள்ளையின் பெயர். வீட்டுக்காரர் பெயரை எழுதிய பெண்ணை இந்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அவளுக்குக் கல்யாணமாகிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

சங்கரன்கோவிலில் ரத வீதிப் பக்கம் இருக்கிறது எங்கள் கடை. முன்னால் நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், சார்ட் பேப்பர். உள்ளே ஒரு கண்ணாடி அலமாரி. அதில்தான் மைப் பேனாக்கள், பேனா வைக்கிற தோல் உறைகள், தோல் அட்டை போட்ட டைரிகள் எல்லாம் இருக்கும். அந்த அலமாரியும் அதன் முன்னால் ஒரு முக்காலியும் என் பொறுப்பு. நான் பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அங்கே எனக்குத் தெரிந்தது இரண்டே வகைப் பேனாதான்: எழுதுகிற பேனா, எழுதாத பேனா. ஜாக்கெட் தைக்கத் தெரியும் என்று சொன்னதால் முதலாளி அண்ணாச்சி என்னை உறை தைக்கச் சேர்த்துக்கொண்டார். ஜாக்கெட்டில் தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போன ஓட்டை போனதுதான்.

நாள் முழுக்கக் கவுண்டருக்குப் பின்னால் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போனதும் காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்துக்கொள்கிற எல்லாச் சகோதரிகளுக்கும் இதைச் சொல்கிறேன். நம் வேலையில் கால்தான் வலிக்கும் என்று நினைப்போம். ஒரு தடவை என் கைவேலையால் ஒரு கல்யாண வீட்டு மானமே ஊசலாடியது. அதைச் சொல்வதற்கு முன்னால் சின்னச் சின்னதாக இரண்டு கதை.

நாலு எழுத்து

குருவிகுளம் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். ஆட்டுக் கிடை போடுகிறவர். செருப்பை வாசல் படியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, அலமாரிக்கு இரண்டடி தள்ளியே நின்றார். மகளுக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்திருக்கிறதாம். "படிச்சவுங்க கையில இருக்க மாதிரி ஒண்ணு எடு தாயி" என்றார். பித்தளை மூடி போட்ட கனமான பேனா ஒன்றை எடுத்து, மை தொட்டுக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். எழுதிப் பாருங்க என்றேன். "எனக்குக் கையெழுத்து போட மட்டுந்தான் தெரியும்" என்று பின்வாங்கினார். அதையே போடுங்க என்று தாளை நகர்த்தினேன்.

மாடசாமி. நாலே எழுத்து. ஒவ்வோர் எழுத்தையும், ஆட்டுக்குட்டியைத் தூக்கிக் கிடைக்குள் விடுகிற மாதிரி அவ்வளவு பத்திரமாக இறக்கி வைத்தார். பக்கத்தில் ஜெல் பேனாவுக்கு அடித்துக்கொண்டிருந்த காலேஜ் பிள்ளைகள் இரண்டும் வாயை மூடிக்கொண்டு பார்த்தன. அண்ணாச்சி ஃபேனை நிறுத்தினார், தாள் பறக்கக் கூடாது என்று. எழுதி முடித்துவிட்டுத் தூரத்தில் வைத்தும் பக்கத்தில் வைத்தும் பார்த்தார். அந்தத் தாள் இன்னும் என் டிராயரில் இருக்கிறது. அவர் சொன்னது இது: "தாயி, இந்தப் பேனா என்னைய விட நல்லாப் படிச்சிருக்கு."

மூன்றாவது அறை

வக்கீல் சார் ஒருவர் மூன்று பேனா வைக்கிற மாதிரி தோல் உறை கேட்டார். அளவுக்குப் பேனாவைக் கொடுங்க என்றேன். முதலாவது, தங்க நிப்பு போட்டது. இரண்டாவது அதைவிட ஒரு படி மேல். கையை ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டு வாங்கினேன். மூன்றாவதாகச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார் பாருங்கள், மூடியைக் கடித்துத் துப்பிய ஒரு சாதாரணப் பால் பாயின்ட் பேனா. நல்ல ஆட்டுத் தோல், மெழுகு நூல், கைத்தையல். அதில் இதுவா என்று என் மூஞ்சியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"என்னம்மா முழிக்க? இதுதான் முக்கியமான பேனா" என்றார். "கோர்ட்டுக்குள்ள கால வச்சா ‘சார், பேனா இருக்கா’ன்னு கேக்காதவன் கிடையாது. இல்லன்னு சொன்னா மனுசன் மாதிரி இருக்காது. நல்ல பேனாவக் குடுத்தா நான் மனுசனா இருக்க மாட்டேன்." அளவெடுத்துக்கொண்டே, இதைத் திருப்பித் தருவாங்களா சார் என்று கேட்டுவிட்டேன். அவர் அமைதியாக விளக்கினார்: "ஒண்ணு எழுத, ஒண்ணு கையெழுத்துப் போட, ஒண்ணு திரும்பி வராமப் போக."

செல்வி அக்கா

இனி அந்தப் பெரிய கதை. எங்கள் கடைக்கு அடுத்த தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் செல்வி அக்கா. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், பிரஸ்ஸிலிருந்து வந்த பத்திரிகைக் கட்டு நேரே அக்காவிடம்தான் போகும், கவர் மேல் பெயர் எழுத. பருப்பு நிறுத்துப் போட்டுக்கொண்டே எழுதுவார். கூலி கிடையாது, ஒரு மை பாட்டில் வாங்கிக் கொடுத்தால் போதும். அந்த எழுத்தைப் பார்த்தால் உங்களுக்கும் மூச்சு ஒரு நிமிஷம் நிற்கும். ‘தி’யின் கொக்கி ஒரு வளைவு வளைந்து மேலே போய், மெலிந்து, அப்படியே காற்றில் கரைகிற மாதிரி முடியும். கவரைப் பிரிக்காமலே, "செல்வி எழுதுனதுல்லா" என்பார்கள்.

முதல் தடவை பேனாவுக்கு உறை தைத்துக் கேட்டு வந்தபோது என் தாளில் எழுதிப் பார்த்தார். பிள்ளையார் சுழி இல்லை, பெயர் இல்லை. கை தானாக ‘திரு.’ என்று எழுதியது. எழுதின பிறகு அவரே சிரித்தார். கடை ஷட்டரில் நசுங்கிய ஆள்காட்டி விரல் அவருக்கு மடங்காது. அதனால் பேனாவை அந்த விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் படுக்க வைத்துத்தான் பிடிப்பார். பிடிக்கிறதைப் பார்த்தால் எழுத்து வருமா என்று சந்தேகமாக இருக்கும். எழுத்தைப் பார்த்தால் இந்தக் கையா என்று இருக்கும். கூட வந்த அவர் வீட்டுக்காரர் சொன்னார்: "நான் பீடிய விட்டு வருசம் பத்தாச்சு. இவ மட்டும் இன்னும் பேனாவப் பீடி மாதிரி பிடிச்சிட்டு அலையுதா."

நான் பார்த்த வைத்தியம்

போன ஆவணியில் அக்காவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். எண்ணூறு பத்திரிகை. பளபளப்புக் கவரில் மை நிற்காது என்று, பிரஸ்காரரோடு சண்டை போட்டுச் சாதாரணத் தாள் கவராக வாங்கியிருந்தார். சனிக்கிழமை பேனாவைக் கொண்டுவந்து, "மை சரியா இறங்க மாட்டேங்கு மக்கா. கழுவி வையி. திங்கக்கிழம எழுத உக்காரணும், புதன்கிழம சாமிக்கு வச்சிட்டு வியாழக்கிழம சிவகிரில இருந்து குடுக்க ஆரம்பிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணாச்சி சரக்கெடுக்க மதுரைக்குப் போயிருந்தார். நான் பேனாவைக் கழற்றி, நிப்புக்கு அடியில் மை இறங்குகிற நாக்கில் அடைத்திருந்த காய்ந்த மையை வெந்நீரில் கரைத்து, துடைத்து வைத்தேன். அதோடு எழுந்திருக்க வேண்டியதுதானே? பூதக்கண்ணாடியை எடுத்து நிப்பைப் பார்த்தேன். நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேய்ந்து கிடந்தது. ஐயோ பாவம், மகள் கல்யாணத்துக்கு இந்த நிப்பை வைத்தா எழுதுவார் என்று எனக்கு மனசு பொங்கிவிட்டது. ரொம்ப நைஸான உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டு, பைய பையத் தேய்த்து, நுனியைப் புதுசு மாதிரி உருண்டையாக்கினேன். எழுதிப் பார்த்தேன். வெண்ணெய்! என் சார்பில் கல்யாணப் பரிசு என்று சொல்லிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அக்கா வந்து நின்றார். கையில் பத்துக் கவர். ‘தி’ நடுவில் அறுந்திருந்தது. ‘ரு’வின் வால் பாதி இருக்கிறது, பாதி இல்லை. ஒரு கவரில் நிப்பு தாளைக் கீறியே இருந்தது. அக்கா கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. அலமாரியிலிருந்து மூன்று பேனா எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் நாலு பெயர் எழுதிவிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "ஏட்டி கோமதி, எம் பேனா எங்க? நீ தந்தது வேற யாரோடதோ."

கவரில் இருந்த மானம்

வேற யாரையாவது எழுதச் சொல்லலாமே அக்கா, நான்கூட எழுதித் தருகிறேனே என்றேன். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். மகள் தானே பார்த்துப் பிடித்த பையன். வீட்டில் எல்லாருக்கும் சம்மதம்தான், அக்காவுக்குத்தான் முதலில் சம்மதம். ஆனால் சொந்தக்காரர்கள் இன்னும் அதை வாயில் போட்டு மெல்லுகிறார்கள். "ஊர்ல எல்லா வீட்டுக் கல்யாணத்துக்கும் எழுதுன கை, சொந்த மக கல்யாணத்துக்கு எழுதலன்னா என்ன சொல்லுவாங்க தெரியுமாட்டி? ‘செல்விக்கு மனசில்ல, அதான் அவ கையி படல’ம்பாங்க. அந்தப் பிள்ள காலத்துக்கும் அதக் கேட்டுக்கிட்டே இருக்கணும்."

நான் தேய்த்தது வெறும் நிப்பு என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சிக்குப் போன் போட்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். "புது நிப்பு போட்டுரலாமா அண்ணாச்சி?" என்றேன். "போடலாம். அதுவும் உருண்டையாத்தான் இருக்கும். பதினாறு வருசமா அவுங்க கை தேச்ச சாய்வு அது. நீயும் நானும் உக்காந்து தேச்சா வருமா?" என்றார். போனை வைத்துவிட்டார் என்று நினைத்தேன், மறுபடி அவர் குரல் கேட்டது: "நிப்பு என்ன வாய்க்கா வரப்பாட்டி, மேடு பாத்து வெட்டி விட?"

செருப்பு

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இரவெல்லாம் சரியான தூக்கமில்லை. காலையில் என் மகள் யாழினியின் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது, அவளுக்கு ஒரு பின்னல்தான் முடிந்திருக்கிறது. இன்னொரு பக்கத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். நாலு எட்டு வைத்ததும் கால் பிரண்டு விழப் பார்த்தேன். குனிந்து பார்த்தால் என் செருப்பு இல்லை, என் வீட்டுக்காரருடையது. அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், பாதத்தை வெளிப்பக்கமாகச் சாய்த்து நடப்பார். செருப்பின் வெளி ஓரம் தேய்ந்து, பள்ளமாக இருந்தது. அதில் என் கால் நிற்கவே இல்லை. அவருக்கோ அதைவிட்டால் வேறு செருப்பு ஆகாது.

வேன் போன பிறகும் நான் தெருவில் அந்தச் செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். நிப்பும் இதுதானே? அக்கா பேனாவைப் படுக்க வைத்துப் பிடிக்கிறார், அதனால் நுனி படுத்த வாக்கில் தேய்ந்திருக்கிறது. அதை நோய் என்று நினைத்து நான் குணப்படுத்திவிட்டேன். என் கையில் எழுதிப் பார்த்து வெண்ணெய் என்று வேறு சொன்னேன். ஆனால் பதினாறு வருஷம் தேய்த்தது யார்? அந்தக் கையும் தாளும்தானே? கை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. தாளை மட்டும் கொஞ்சம் முரடாகக் கொடுத்தால்? இதை யோசித்துக்கொண்டு நான் நிற்க, வாசலில் வெறுங்காலோடு நின்ற வீட்டுக்காரர் கத்தினார்: "ஏட்டி, நான் கஷ்டப்பட்டுத் தேச்சு வச்சிருக்கேன். ஒரே நாள்ல நேராக்கிப்புடாத!"

எட்டு

எங்கள் கடையில் பூதக்கண்ணாடியையும் உப்புத்தாளையும் மட்டும் எடுத்துக்கொண்டு நேரே அக்காவின் கடைக்குப் போனேன். உப்புத்தாளிலேயே கடைசி நைஸ், விரலால் தடவினால் தாளா துணியா என்று தெரியாத அளவு. அதை அரிசி டப்பா மூடி மேல் விரித்து, தண்ணீர் தெளித்தேன். "அக்கா, பேர் எழுதாதீங்க. நீங்க எப்பவும் பிடிக்கிற மாதிரி பிடிச்சு, அழுத்தாம, எட்டாம் நம்பர் மாதிரி வளைச்சு வளைச்சுப் போடுங்க" என்றேன். நிப்பு நுனியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு கெட்டி மணி உண்டு. அது தேய்ந்து தீர்ந்தால் பேனாவே போச்சு. நான் ஏற்கெனவே அதில் பாதியைத் தின்று வைத்திருந்தேன். அதையும் ஒளிக்காமல் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார், பிடித்தார்.

ஐந்து எட்டு போடுவார். நான் கழுவி, பூதக்கண்ணாடியில் பார்த்து, மை தொட்டுக் கொடுப்பேன். எழுதினால் கீறும். மறுபடி ஐந்து. நடுவில் ஒருவர் கால் கிலோ துவரம் பருப்பு கேட்டார். அக்கா வீட்டுக்காரர் கண்ணை எங்கள் மேல் வைத்துக்கொண்டே உளுந்தை நிறுத்துக் கொடுத்தார். வந்தவரும் பார்த்துக்கொண்டே வாங்கிப் போய்விட்டார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, சத்தம் மாறியது. கரகரவென்று இருந்தது பையக் குறைந்து, குறைந்து, ஒன்றுமே கேட்காமல் போனது. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அந்தச் சாய்வு! நான் அழித்த அதே சாய்வு, அதே பக்கம், கொஞ்சம் சின்னதாக, திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. மடங்காத ஒரு விரல், ஒரு தகரமூடி மேல், தன் எழுத்தைத் தானே திரும்பச் செய்துகொண்டது. நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

போதும் அக்கா, இனி ஒரு எட்டுகூட வேண்டாம் என்று பேனாவில் மையை நிரப்பிக் கொடுத்தேன். எழுதிப் பார்க்க ஒரு பழைய தாளைத் தேடினேன். அக்கா அதற்குள் கட்டிலிருந்து நல்ல கவர் ஒன்றை உருவிவிட்டார். எனக்குப் பதறியது. "முதல் பத்திரிகை சாமிக்குத்தான மக்கா" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். "கோணலா வந்தாலும் அவரு ஊர்ல போயிச் சொல்ல மாட்டாரு."

என் பெயர்

கோணலாக வரவில்லை. சாமியின் பெயருக்கு அக்கா போட்ட வளைவைப் பார்த்தால், சாமியே கவரைப் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்திருப்பார். புதன்கிழமை வைத்தார்கள், வியாழக்கிழமை சிவகிரிக்குப் போனார்கள். எழுத எழுதக் கொடுத்தார்கள், கொடுக்கக் கொடுக்க எழுதினார். பேனா ஓரிடத்தில்கூட மக்கர் பண்ணவில்லை.

அடுத்த வாரம் எங்கள் கடைக்கு வந்து எனக்கு ஒரு கவர் நீட்டினார். மஞ்சள் தடவிய மூலை. அதில் ‘திருமதி கோமதி, கணவர் மற்றும் மகள்’ என்று இருந்தது. என் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு வந்த பத்திரிகையெல்லாம் அப்பா பெயரில். பின்னால் வந்ததெல்லாம் வீட்டுக்காரர் பெயரில். என் பெயரை ரேஷன் கார்டில் பார்த்திருக்கிறேன், ஆஸ்பத்திரிச் சீட்டில் பார்த்திருக்கிறேன். இப்படி மெலிந்து, வளைந்து, காற்றில் போய் முடிகிற மாதிரி பார்த்ததே இல்லை. கோமதி என்கிற பெயருக்கு இவ்வளவு அழகு உள்ளே இருந்ததா? கவரைக் கிழிக்க மனசு வராமல் ஓரத்தைப் பிளேடால் திறந்தேன். வீட்டில் அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏட்டி, எம் பேரு எங்க?"

பந்தியில் கேட்டது

கல்யாணத்துக்கு மூன்று பேரும் போனோம். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் சிவகிரி அத்தை ஒருவர் உட்கார்ந்திருந்தார், அக்காவின் நாத்தனார் முறை. வாயில் போட்டு மென்றவர்களில் முதல் ஆள் அவர்தான் என்று அக்காவே என்னிடம் சொல்லியிருந்தார். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே எதிர் இலைக்காரம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. யாழினி வாயில் ஊட்டப் போன பாயசத்தை அப்படியே வைத்துக்கொண்டு அத்தை சொல்வதைக் கேட்டேன்: "நான் வர வேண்டாம்னுதான் இருந்தேன். கவரப் பாத்தேன். செல்வி அவ்வளவு அழகா இதுக்கு முன்ன யாருக்குமே எழுதுனதில்ல. பெத்தவ மனசு நெறஞ்சிருக்கும்போது நமக்கென்ன?"

திரும்பி வந்த பேனா

மறுவீடெல்லாம் முடிந்து அக்கா பேனாவோடு வந்தார். நான் தைத்த தோல் உறையில், எண்ணூறு கவர் எழுதிய அசதியோடு அது படுத்திருந்தது. இளையவளுக்கும் பேச்சு நடக்கிறதாம், தையில் இருக்கலாமாம். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் பூதக்கண்ணாடியை எடுத்து டிராயரில் போட்டு மூடினேன். ஐந்து வருஷம் கால் கடுக்க நின்று இந்தத் தொழிலில் நான் கற்ற வித்தை மொத்தமும், அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட ஒரே ஒரு வரியில் அடங்கிவிடும்: "கழுவி மட்டும் குடு மக்கா, நிப்பத் தொட்டுராத."